சுவடி எங்கே இருக்கிறது, எங்கிருந்து வந்தது: சைவத் திருவிழா விதிகளுக்கான மூலங்கள்

கேள்வி, 2022 ஜூன் 14

சிவன் கோயில் திருவிழா விதிகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு தொடங்கியிருக்கிறேன். புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகள் எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டன, இனி எந்த நூலகத்துக்கும் போகத் தேவையில்லை என்று உடன் ஆய்வு செய்யும் நண்பர் சொல்கிறார். ‘மஹோத்ஸவ விதி’ என்று தேடினால் பல பதிவுகள் வருகின்றன. எதை எடுத்துக்கொள்வது? அரசு ஆவணக் காப்பகங்களில் இந்தப் பொருளுக்கு ஏதேனும் கிடைக்குமா?

2022 ஜூன் 14, இரவு

உங்கள் நண்பர் சொல்வது சரியில்லை. இணையத்தில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி காகிதப் படிகள். அவற்றைச் சுவடி என்று எண்ணிக்கொண்டால் முதல் அடியே தவறிவிடும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கியபோது அங்கே சேர்ந்த அறிஞர்கள், குறிப்பாக என். ஆர். பட், தமிழ்நாடு முழுவதும் கோயில்களுக்கும் மடங்களுக்கும் குருக்கள் வீடுகளுக்கும் சென்று ஓலைக் கட்டுகளைச் சேர்த்தார்கள். கட்டைக் கொடுக்க மனமில்லாதவர்களிடம் இரவல் வாங்கி, தேவநாகரி எழுத்தில் காகிதத்தில் படியெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். இவ்வாறு உருவான படிகளே ஆயிரத்துக்கு மேல் உள்ளன. ஓலைக் கட்டுகள் எட்டாயிரத்துக்கு மேல். அங்குள்ள பிரெஞ்சுக் கீழைத்தேயப் பள்ளியின் சேகரிப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

ஓலைகள் பெரும்பாலும் கிரந்த எழுத்தில், அதாவது தெற்கில் சமஸ்கிருதம் எழுத வழங்கிய எழுத்தில் உள்ளன. ஆகவே முதலில் கிரந்தம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்து தெரிந்தவருக்கு அது சில வாரங்களில் பழகிவிடும்; கூட்டெழுத்துகளுக்கு மட்டும் இன்னும் சிறிது காலம் பிடிக்கும்.

2022 ஜூன் 15

நேற்று ‘எதை எடுத்துக்கொள்வது’ என்பதற்கு விடை சொல்லாமல் விட்டுவிட்டேன். ‘மஹோத்ஸவ விதி’ என்பதை ஒரு நூலின் பெயராகக் கொள்ள வேண்டாம். அது ஒரு வகையின் பெயர். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அகோர சிவாசாரியர் பெயரில் வழங்கும் விதியும் அந்தப் பெயரில் இருக்கும். ஏதோ ஓர் ஊர்க் குருக்கள் தம் கோயிலின் பத்து நாள் திருவிழாவுக்காகப் பல ஆகமங்களிலிருந்து திரட்டிய கைக்குறிப்பும் அதே பெயரில் இருக்கும். பட்டியல் தயாரித்தவர் முதல் ஓலையின் மேல் கண்டதையோ முடிவுவாசகத்தில் (சுவடியின் கடைசியில் வரும் குறிப்பில்) கண்டதையோ எழுதியிருப்பார். தொடக்க வரிகளையும் முடிவு வரிகளையும் ஒப்பிட்டுப் பார்க்காமல், பெயர் ஒன்றாக இருப்பதாலேயே நூலும் ஒன்று என்று முடிவு செய்யாதீர்கள்.

ஒரு கட்டுக்குள் பத்து, பதினைந்து நூல்கள் இருப்பதும் வழக்கம். பழைய அட்டவணைகள் சிலவற்றில் முதல் நூலின் பெயர் மட்டுமே பதிவாகியிருக்கும். நீங்கள் தேடும் கொடியேற்ற விதி, ‘நித்திய பூஜை’ என்று பதிவான கட்டின் நடுவில் இருக்கக்கூடும்.

2022 ஜூன் 19

இனி எழுதப்போவது என் சொந்த அனுபவம். இதைச் சொல்வதற்காகவே இந்தக் கேள்விக்கு விடை எழுத உட்கார்ந்தேன் என்றாலும் தவறில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், பிரதிஷ்டை விதி ஒன்றின் சில படலங்களை ஒப்புநோக்கிப் பதிப்பிக்க முற்பட்டேன். மூன்று மூலங்கள் கிடைத்தன: ஒரு நூலகத்திலிருந்து ஒரு காகிதப் படி, வேறொரு நூலகத்திலிருந்து இன்னொரு காகிதப் படி, மூன்றாவதாக ஓர் ஓலைக் கட்டு. மூன்றும் ஒத்துப்போன இடங்களை உறுதியான பாடம் என்று குறித்துக்கொண்டே சென்றேன். ஏறக்குறைய ஏழு மாத வேலை. ஒரு நாள் கலச ஸ்தாபனப் பகுதியில், மூன்றிலும் ஒரே இடத்தில் பதினோரு எழுத்து அளவுக்கு விடுபாடு இருப்பதைக் கவனித்தேன். காகிதப் படிகளில் அங்கே புள்ளிகள் இடப்பட்டிருந்தன. ஓலையில் அதே இடத்தில் பூச்சி அரித்த துளை இருந்தது.

அதன் பிறகுதான் இரண்டாவது படியின் முன்பக்கத்தில் மங்கிய மையில் இருந்த குறிப்பை ஒழுங்காகப் படித்தேன். அது முதல் நூலகத்தின் எண்ணைக் காட்டியது. முதல் நூலகத்தின் படியோ ஒரு தனியாரிடம் இரவல் வாங்கிய ஓலையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த ஓலைக் கட்டு பிற்காலத்தில் விலைக்கு வந்து மூன்றாவது இடத்தைச் சேர்ந்திருக்கிறது. என்னிடம் இருந்தது ஒரே சாட்சி, அதாவது பாடத்துக்குச் சான்றாகும் ஒரே மூலம். அதை மூன்று சாட்சிகளாக எண்ணி, அதன் பிழைகளுக்கு மும்மடங்கு மதிப்புக் கொடுத்திருந்தேன். குறிப்பேடுகளை மூடிவைத்துவிட்டுச் சில நாட்கள் அவற்றைத் தொடவே இல்லை. பிறகு முதலிலிருந்து தொடங்கினேன்.

ஆகவே நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: சுவடி இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்பதோடு நிற்காதீர்கள், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் எண்களில் ‘டி’ என்று தொடங்குபவை விளக்க அட்டவணையைச் சேர்ந்தவை. ‘ஆர்’ என்று தொடங்குபவை மூவாண்டு அட்டவணையைச் சேர்ந்தவை. 1910களில் தொடங்கி ஊர் ஊராகச் சென்று திரட்டியபோது சேர்ந்தவை இந்த இரண்டாம் வகையில் இருக்கின்றன. அவற்றுள் தனியாரின் ஓலைகளைப் பார்த்து எழுதிய படிகள் பல. புதுச்சேரிக் காகிதப் படிகளிலும் ‘இன்ன ஊர்க் குருக்களின் ஓலையிலிருந்து’, ‘சென்னை நூலகத்தின் இன்ன எண்ணிலிருந்து’ என்ற குறிப்பு பெரும்பாலும் இருக்கும். படியைத் திறந்தவுடன் அந்தக் குறிப்பை எழுதிக்கொள்ளுங்கள்; உள்ளடக்கத்தைப் பிறகு படிக்கலாம்.

2022 ஜூன் 20

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, காகிதப் படிகளை நான் இகழ்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. மூல ஓலை அழிந்துபோன நூல்களுக்கு அந்தப் படிதான் இன்று மூலம். முக்தபோத எண்ணிம நூலகத்தில் அவற்றில் பல படங்களாகவும் தட்டச்சிட்ட பாடங்களாகவும் கிடைக்கின்றன. தட்டச்சுப் பாடத்தை இடம் கண்டுபிடிக்கப் பயன்படுத்துங்கள்; ஒரு சொல் எந்தெந்த நூல்களில் வருகிறது என்று நொடியில் தெரிந்துவிடும். மேற்கோள் காட்டுவதற்குமுன் படத்தைப் பாருங்கள். பாடம் ஐயத்துக்கு உரியதாக இருந்தால் ஓலையைப் பாருங்கள்.

எந்தச் சுவடி எந்த நூலகத்தில் இருக்கிறது என்பதற்குப் பொதுவான திறவுகோல், சென்னைப் பல்கலைக்கழகம் 1935இல் தொடங்கிய நியூ கேட்டலோகஸ் கேட்டலோகோரம். 1891 முதல் 1903 வரை மூன்று பகுதிகளாக ஜெர்மன் அறிஞர் ஆஃப்ரெக்ட் வெளியிட்ட பேரட்டவணையை விரிவாக்கும் நோக்கத்தோடு எழுந்தது அது, வே. ராகவன் நெடுங்காலம் அதற்காக உழைத்தார். ஆனால் அது அட்டவணைகளின் அட்டவணை. கீழே உள்ள அட்டவணையில் பிழை இருந்தால் அதுவும் மேலே ஏறிவந்திருக்கும்.

2022 ஜூன் 20, மாலை

தெற்கை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறேன். தமிழகத்து ஓலைகளில் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் படியெடுக்கப்பட்டவை. வெப்பமும் ஈரமும் பூச்சியும் அதற்கு முந்தையவற்றை விட்டுவைக்கவில்லை. சைவ சித்தாந்த ஆகமங்களின் மிகப் பழைய சுவடிகளுக்கு நேபாளத்துக்குத்தான் போக வேண்டும். அவற்றுள் ஒன்றான நிச்வாச தத்துவ சம்ஹிதையின் 9ஆம் நூற்றாண்டு ஓலைச்சுவடி காத்மாண்டு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கிரண ஆகமத்துக்கு 924ஆம் ஆண்டுத் தேதியிட்ட சுவடி நேபாளத்தில் கிடைத்தது. 1970இல் தொடங்கிய நேபாள-ஜெர்மன் சுவடிப் பாதுகாப்புத் திட்டம் பல்லாயிரக்கணக்கான சுவடிகளை நுண்படமாக்கியது.

ஆனால் உங்கள் பொருள் கோயில் திருவிழா. நேபாளத்துப் பழஞ்சுவடிகள் பெரும்பாலும் தீட்சையையும் தனியொருவரின் சாதனையையும் பேசுபவை. தேரும் கொடியேற்றமும் தெப்பமும் தெற்கத்திய நூல்களில்தான் விரிகின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, ஆகமம் எப்போது, எந்த அளவுக்குக் கோயிலுக்குள் வந்தது என்ற பெரிய கேள்வி எழும். அதற்காகவாவது வடக்குச் சுவடிகளை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

2022 ஜூலை 2

ஆவணக் காப்பகங்களைப் பற்றிய கேள்வி மிச்சம் இருக்கிறது. கிடைக்கும், நிறையவே கிடைக்கும். ஆனால் ‘சமயம்’ என்ற தலைப்பில் தேடினால் எதுவும் அகப்படாது.

1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குவிதி, சென்னை மாகாணத்துக் கோயில்களின் அறக்கொடைகளை மேற்பார்வையிடும் பொறுப்பை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டத்தோடு அரசு அந்தப் பொறுப்பிலிருந்து சட்டப்படி விலகிக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் தேர் வடம் வாங்க எவ்வளவு செலவு, எத்தனை பேர் வடம் பிடிக்க வர வேண்டும், திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, நின்றுபோன கட்டளையை (கோயில் பணிக்கான அறக்கொடையை) மீண்டும் நடத்துவது யார் என்ற செய்திகளெல்லாம் மாவட்ட ஆட்சியர்களின் கடிதங்களாக வருவாய் வாரிய நடவடிக்கைகளுக்குள் கிடக்கின்றன. நெல் விலைக்கும் ஏரி மராமத்துக்கும் நடுவில் ஒரு கோயில் திருவிழாவின் முழுச் செலவுக் கணக்கு வரும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இந்தத் தொகுதிகள் இருக்கின்றன. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களிலும் நடவடிக்கைத் தொகுதிகள் உண்டு.

ஓலையில் உள்ள விதி, திருவிழா எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆட்சியரின் கடிதம், அந்த ஆண்டு அது ஏன் நடக்கவில்லை என்று சொல்கிறது. இரண்டும் உங்கள் ஆய்வுக்கு வேண்டும்.

2022 ஜூலை 3

ஒன்று விட்டுப்போயிற்று. இனாம் என்னும் நிலக்கொடைகளின் உரிமையை விசாரிக்க 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம் ஊர் ஊராக விசாரித்து எழுதிய இனாம் பதிவேடுகளை அவசியம் பாருங்கள். எந்த நிலம் எந்தப் பணிக்கு விடப்பட்டது, அதை அனுபவிப்பவர் யார், உரிமை எந்த ஆதாரத்தால் வந்தது என்று ஊர்வாரியாக அவற்றில் இருக்கும். அர்ச்சகர், மேளக்காரர், தேவதாசி, தீவட்டி பிடிப்பவர், மாலை கட்டுபவர் ஆகியோரை ஒரே பக்கத்தில் காணலாம். விதி நூல்களில் ‘பரிசாரகன்’ (பணியாள்) என்று ஒற்றைச் சொல்லில் அடங்கிவிட்டவருக்கு இந்தப் பதிவேட்டில் நிலமும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது.

நீதிமன்ற ஆவணங்களும் அவ்வாறே. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் இடையே பல தலைமுறைகளாக நடந்த வழக்குகளில், பாராயண வரிசையில் யார் எதை எப்போது ஓதினார்கள் என்பதைச் சாட்சிகள் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ‘மாமூல்’ என்ற சொல் வரும் இடங்களை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம் எது என்பதை இரு தரப்பும் நிறுவ முயலும் இடம் அதுதான். ஆனால் அந்த வாக்குமூலங்கள் வழக்கில் வெல்வதற்காகச் சொல்லப்பட்டவை என்பதையும் மறக்க வேண்டாம்.

2022 ஜூலை 17

தேதி படிப்பது எப்படி என்று தனியே கேட்டிருந்தீர்கள். அது எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். முடிவுவாசகத்தில் பெரும்பாலும் அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர் மட்டுமே இருக்கும். ‘விகாரி’ என்றிருந்தால் அது 1779, 1839, 1899 ஆகிய மூன்று ஆண்டுகளில் தொடங்கிய எதுவாகவும் இருக்கலாம். மாதமும் தேதியும் கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்து எழுதப்பட்டிருந்தால் பஞ்சாங்கக் கணக்கினால் ஒன்றைத் தேர்ந்துகொள்ள முடியும். திருநெல்வேலிப் பக்கத்துச் சுவடிகளில் கொல்லம் ஆண்டு வரும். அதோடு மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825ஐக் கூட்டினால் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்ற குறிகள் வரும். தொடக்கத்தில் இவற்றை ஏதோ எழுத்து என்று எண்ணிப் பலர் தடுமாறுகிறார்கள்.

தமிழ்ப் பகுதிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இருக்காது. காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். பட்டியலிட்டவர் ‘கெ’ என்று எழுதியதை நீங்கள் ‘கே’ என்று வைத்தும் தேட வேண்டும். அட்டவணைத் தேடலில் ஒரு நூல் அகப்படாமல் போவதற்கு இது பெரிய காரணம்.

மற்றொன்று: படியெடுத்த தேதியை நூல் இயற்றப்பட்ட தேதியாக எழுதிவிடாதீர்கள். அச்சேறிய கட்டுரைகளிலேயே இந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன்.

2022 ஆகஸ்ட் 4

நேற்று ஆடிப்பெருக்கு. இந்த நாள் வரும்போதெல்லாம் காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில் ஒரு வயதான குருக்கள் சொன்னது நினைவுக்கு வருகிறது. அவருடைய பாட்டனார் காலத்தில் பரண் நிறைய ஓலைக் கட்டுகள் இருந்தன. அவர் காலமான பின் வீட்டில் கிரந்தம் படிப்பவர் யாரும் இல்லை. படிக்காத ஓலையை வீட்டில் வைத்திருப்பது தோஷம், எரிப்பதோ பாவம் என்று, பதினெட்டாம் பெருக்கன்று மஞ்சள் குங்குமம் இட்டு, இரண்டு கூடைகளில் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட்டார்கள். “மரியாதையாத்தான் அனுப்பி வெச்சோம்” என்றார். அவர் குரலில் குற்ற உணர்வு இல்லை. அவர்கள் மரியாதை என்று நம்பியதையே செய்தார்கள் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குத்தான் பல ஆண்டுகள் ஆயின.

தில்லைக் கோயிலில் பூட்டிய அறைக்குள் செல்லரித்துக் கிடந்த ஏடுகளிலிருந்து தேவாரத்தை மீட்ட கதையை நாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். மீட்டது போக எஞ்சியதைப் புற்றுக்குக் கொடுத்துவிட்டதாகவும் அந்த மரபு சொல்கிறது. சுவடி தேடுபவர் அந்தக் கதையின் பிற்பகுதியையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

குருக்கள் வீடுகளிலும் ஆதீனங்களிலும் இன்னும் ஓலைகள் இருக்கின்றன. முதல் நாளே கேமராவை எடுக்காதீர்கள். சரஸ்வதி பூஜையில் அந்தக் கட்டுக்குப் பொட்டு வைத்து வணங்குபவர்கள் அவர்கள். தீட்சை பெற்றவர்கள் மட்டுமே படிக்க வேண்டியது என்று அவர்கள் சொன்னால் வாதிடாதீர்கள். அந்த மறுப்பே உங்கள் ஆய்வுக்கு உரிய செய்தி.

2022 ஆகஸ்ட் 6

‘வாதிடாதீர்கள்’ என்று எழுதியதை மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். அதில் மாற்றமில்லை. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: படிக்கக் கொடுக்காவிட்டாலும், கட்டைக் காப்பாற்றச் சம்மதிப்பார்கள். எலுமிச்சம்புல் எண்ணெய் பூசுவது, கயிறு மாற்றுவது, மேலும் கீழும் மரச்சட்டம் வைப்பது ஆகியவற்றுக்கு யாரும் மறுப்புச் சொல்லி நான் கேட்டதில்லை. பழகியவரின் துணையில்லாமல் நீங்களே எண்ணெய் பூச வேண்டாம். படம் எடுக்க இசைந்தால், எடுத்த படங்களின் முழுப் படியை அந்த வீட்டிலேயே ஒப்படையுங்கள். எந்த ஊர், யார் வீடு, எந்த நாள் என்ற குறிப்பை முதல் படத்திலேயே பதித்துவிடுங்கள். ஜூன் 19இல் நான் எழுதிய சிக்கலுக்கு அடுத்த தலைமுறையில் இன்னொருவர் ஆளாகக் கூடாது.

2022 செப்டம்பர் 28

ஐரோப்பியச் சேகரிப்புகள் தேவையா என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். திருவிழா விதிகளுக்கு அவ்வளவாகத் தேவையில்லை. ஆனால் திருவிழாவை வெளியிலிருந்து கண்டவர் என்ன கண்டார் என்பதற்குத் தேவை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு 1708இலேயே குறிப்புகளோடு ஒரு பட்டியல் எழுதினார். ஒவ்வொரு நூலிலும் என்ன இருக்கிறது, அதை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அதில் சொல்கிறார். அந்தக் காலத்தில் ஓலைகள் எப்படிக் கைமாறின என்பதற்கு அதைவிட நெருங்கிய சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. அந்த மிஷனின் கடிதங்களும் ஓலைகளும் ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பிராங்கே அறநிலையத்தில் உள்ளன.

தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த கையெழுத்துப் படி, 1867இல்தான் சென்னையில் கெர்மன் என்பவரால் அச்சிடப்பட்டது. அந்தப் பதிப்பில் கெர்மன் கைவைத்திருக்கிறார். ஆகவே 1867ஆம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு 1713இல் தரங்கம்பாடியில் கண்டது என்று மேற்கோள் காட்டக் கூடாது. பூச்சி அரித்த துளையைப் பற்றிச் சொன்னேனே, அதே பாடம்தான் இங்கேயும்.

பாரிஸ் தேசிய நூலகத்தில், புதுச்சேரியில் பணியாற்றி 1854இல் இறந்த அரியேல் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் இருக்கின்றன. தமிழ்ப் பக்தி நூல்களில் ஆய்வு செய்பவர்கள் அவற்றைப் பார்க்க வேண்டும்.

2023 ஜனவரி 22

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். மூன்று ‘மஹோத்ஸவ விதி’களின் தொடக்க வரிகளை ஒப்பிட்டாராம், இரண்டு வேறு வேறு நூல்கள், மூன்றாவது அவற்றில் ஒன்றின் நடுப்பகுதி மட்டும். அந்த மூன்றாவது படியின் கடைசிப் பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயரும் அதை இரவல் தந்த குருக்களின் கோயிலும் குறிக்கப்பட்டிருந்தன. இனாம் பதிவேட்டில் அதே ஊரைத் தேடியபோது, அதே கோயிலில் திருவிழாவுக்கு விடப்பட்ட நிலமும் அர்ச்சகர் குடும்பத்தின் பெயரும் கிடைத்திருக்கின்றன. அடுத்து என்ன செய்வது என்று கேட்கிறார்.

அந்த ஊருக்குப் போங்கள். ஓலை இன்னும் அங்கேயே இருக்கலாம். இரவல் வாங்கியது திருப்பிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கிளம்புவதற்குமுன் அந்தப் படியின் ஓர் ஒளிநகலை எடுத்து நன்றாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஓலை இல்லாமல் போயிருந்தாலும், அவர்கள் வீட்டு நூல் ஒன்று எழுத்தில் இருக்கிறது என்று அவர்களிடம் கொடுத்துவிட்டு வரலாம்.